மர்மக் காய்ச்சலில் மர்மம் ஏதுமில்லை

மழைக்காலம் தொடங்கியதும் ஏதேனுமொரு சேரியில் 'மர்மக் காய்ச்சல்' பரவுவதாகச் செய்தி வருகிறது. மருத்துவம் அறியாத நோய் என்பதால் அதற்குப் பெயரில்லாமல் போவதில்லை. பெரும்பாலும் அங்கிருந்து எவருடைய ரத்தமும் உரிய ஆய்வகத்தைச் சென்றடைந்திருக்காது.

டெங்குவை அரசு எவ்வாறு எண்ணுகிறது? நாடெங்கும் 700-க்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் இதற்கான கண்காணிப்பு மையங்களாகச் செயல்படுகின்றன. காய்ச்சல் கண்ட முதல் ஐந்து நாட்களில் என்.எஸ்.1 எலிசா, அதன் பின்னர் ஐ.ஜி.எம். எலிசா ஆகிய பரிசோதனைகள் அங்கே நடைபெறுகின்றன. ஐ.ஜி.எம். பரிசோதனைக்கான பொருள்களைப் புனேயிலுள்ள தேசிய வைராலஜி நிறுவனம் அனுப்புகிறது. இவற்றில் உறுதியானால்தான் அது டெங்கு. தனியார் ஆய்வகத்தில் கைக்காசைக் கொடுத்துச் செய்துகொள்ளும் அட்டைப் பரிசோதனை நோயைக் காட்டினாலும், அது உறுதியான டெங்குவாகக் கொள்ளப்படுவதில்லை.

இவ்விதியை நாம் குறை கூறவில்லை. அட்டைப் பரிசோதனை பிழைபடக்கூடியதே. நம் கேள்வி வேறு. ஒருநாள் கூலியை இழந்து, இரண்டு பேருந்து மாறி, அந்த மருத்துவமனைக்குச் சென்று ரத்தம் கொடுக்க யாரால் இயலும்? மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு வேலைக்குச் செல்பவர் எந்தக் கணக்கிலும் இல்லை.

இந்த இடைவெளி எவ்வளவு பெரிது என்பதை டொனால்ட் ஷெப்பர்டும் அவருடைய குழுவினரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. மதுரை மாவட்டத் தரவுகளைப் பயன்படுத்திய அவ்வாய்வின்படி, 2006 முதல் 2012 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 57.8 லட்சம் பேர் டெங்குவுக்கு மருத்துவம் பெற்றிருக்கலாம். அரசு அறிவித்ததைப்போல் இது 282 மடங்கு.

எண்ணிக்கை வெறும் ஏட்டுச் செய்தியன்று. நோய் உறுதியான வீட்டைச் சுற்றித்தான் புகை மருந்து அடிக்கிறார்கள். புழு ஒழிப்புப் பணியாளர்களும் அங்கேதான் அனுப்பப்படுகிறார்கள். ஏடிஸ் கொசு பொதுவாகச் சில நூறு மீட்டருக்கு மேல் பறப்பதில்லை. எனவே ஊர்த்தெருவில் எடுத்த நடவடிக்கை காலனியைக் காக்காது. குழாயில் நாள்தோறும் தண்ணீர் வராத காலனியில் டிரம்மிலும் குடத்திலும் சேமிப்பதைத் தவிர வேறு வழியுமில்லை. அந்த நல்ல தண்ணீரில்தான் ஏடிஸ் முட்டையிடுகிறது. மூடி வைக்காதது உங்கள் குற்றம் என்று பிறகு நமக்கே அறிவுரை சொல்கிறார்கள்!

'எங்கள் ஊராட்சியில் டெங்கு பாதிப்பு பூஜ்யம்' என்ற அறிவிப்பைக் காணும் மாணவர்கள், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒன்றைக் கேட்கலாம்: இந்தப் பருவத்தில் எந்தெந்தக் குடியிருப்பிலிருந்து எத்தனை ரத்த மாதிரிகள் எலிசா பரிசோதனைக்கு அனுப்பப்பட்டன? காலனிக்கு நேரே அங்கும் பூஜ்யமே இருந்தால், முதல் பூஜ்யத்திற்குப் பொருளில்லை.