வெள்ளம் வடிஞ்சாச்சு... உடனே பெயிண்ட் அடிக்கலாமா? நனைந்த வீட்டைச் சரிசெய்ய யாரைக் கூப்பிடுவது?

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. "அப்பாடா, தப்பிச்சோம்" என்று நினைத்த கடலூர் மாவட்டத்துக்குப் பெரிய சோதனை அதற்குப் பிறகுதான் வந்தது. டிசம்பர் 2ஆம் தேதி அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு சுமார் 1.68 லட்சம் கனஅடி தண்ணீர் திறந்துவிடப்பட, தென்பெண்ணைக் கரையோரக் குடியிருப்புகளுக்குள் வெள்ளம் புகுந்தது.

பண்ருட்டியை ஒட்டியுள்ள திருவதிகை இருப்பது கெடிலக் கரையில். தென்பெண்ணையிலிருந்து பிரியும் மலட்டாறு கெடிலத்தில்தான் வந்து சேர்கிறது. அதனால் பெண்ணையில் பெருவெள்ளம் என்றால் இந்தப் பக்கமும் தூக்கம் போய்விடும். 2015 நவம்பரில் பண்ருட்டி அருகே பெரியகாட்டுப்பாளையத்தில் ஓடை வெள்ளம் உயிர்களைப் பறித்ததை இந்த வட்டாரம் மறக்கவில்லை.

இங்கே பல வீடுகளில் பிள்ளைகளுக்கு சென்னையிலோ பெங்களூரிலோ வேலை. பெற்றோர் மட்டும் ஊரில். வெள்ளம் வந்தால் வீட்டை வீடியோ காலில்தான் பார்க்க முடியும். "தண்ணி வடிஞ்சிருச்சுப்பா. பொங்கலுக்குள்ள பெயிண்ட் அடிச்சு முடிச்சிரலாம்னு ஆளு சொல்றாரு" என்பார் அப்பா. நல்ல செய்திதானே என்று நீங்களும் ஜிபே பண்ணிவிடுவீர்கள். பணம் வீணாவது இங்கிருந்துதான் ஆரம்பம்.

சுவருக்குள் என்ன நடக்கிறது?

செங்கல் தண்ணீரைக் குடிக்கும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது மாதிரி, வீட்டுக்குள் நின்றது ஒரு அடி தண்ணீர் என்றாலும் ஈரம் அதற்கு மேலேயும் ஏறியிருக்கும். கை வைத்துப் பார்த்தால் சுவர் காய்ந்த மாதிரிதான் தெரியும். உள்ளே ஓதம் அப்படியே இருக்கும். அதன்மேல் புட்டி வைத்து அக்ரிலிக் எமல்ஷன் அடித்தால், அந்தப் பெயிண்ட் பிளாஸ்டிக் உறை போட்டது மாதிரி ஈரத்தை உள்ளேயே பூட்டிவிடும். சில மாதங்களில் கொப்புளம் கொப்புளமாக உப்பும். வெள்ளையாக உப்புப் பூக்கும். கடைசியில் பொரிந்து கொட்டும். அசிங்கத்தை மறைக்க சுவரில் டைல்ஸ் ஒட்டுவது அதைவிட மோசம்.

காய எவ்வளவு நாள் ஆகும்? ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது கட்டுமானத் துறையில் சொல்லப்படும் தோராயக் கணக்கு. 9 அங்குலச் சுவர், இரண்டு பக்கமும் காற்றாடினால் நாலைந்து மாதம். சோதித்துப் பார்க்கக் கருவி வேண்டியதில்லை. ஒரு அடி சதுரத்துக்குப் பாலிதீன் தாளை வெட்டி, நான்கு ஓரமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். மறுநாள் தாளின் உள்பக்கம் நீர்த்துளி கோத்திருந்தால் சுவர் இன்னும் காயவில்லை.

முதல் நாள் செய்ய வேண்டியது

பெயிண்டைவிட அவசரமானது மின்சாரம். வீட்டுக்குள் தண்ணீர் நிற்கும்போது ஈரக் காலோடு மெயின் சுவிட்சைத் தொடவே கூடாது. மீட்டர் பெட்டி வரை தண்ணீர் ஏறியிருந்தால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லி இணைப்பைத் துண்டிக்க வைக்க வேண்டும். தண்ணீர் வடிந்த பிறகும் "ஒரு தடவை போட்டுத்தான் பார்ப்போமே" என்று மோட்டாரையோ ஃபிரிட்ஜையோ ஓடவிடக் கூடாது. எலக்ட்ரீஷியன் சுவிட்ச் போர்டுகளைத் திறந்து காயவைத்து, மெகர் கருவியால் வயரிங்கைச் சோதித்த பிறகுதான் கரண்ட். அப்பாக்கள் சாதாரணமாகக் கேட்க மாட்டார்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சண்டை போட்டாவது கேட்க வையுங்கள்.

சுத்தம் செய்ய இறங்கும் முன் வீடு முழுக்க போட்டோ, வீடியோ எடுக்க வேண்டும். சுவரில் தண்ணீர் நின்ற கோடு, நனைந்த பொருட்கள், அவற்றின் மாடல் எண் எல்லாம் அதில் தெரிய வேண்டும். பிறகு சேறு. வாகீசர் கையில் உழவாரத்தோடு நினைக்கப்படும் ஊர் இது. மண்வெட்டி எடுக்க யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் பூட்ஸும் கையுறையும் இல்லாமல் இறங்க வேண்டாம். பாம்பு ஒரு பயம், எலிக்காய்ச்சல் இன்னொன்று. பூஞ்சை பிடிக்க 24 முதல் 48 மணி நேரம் போதும் என்பதால் மெத்தை, தலையணை மீது பாசம் வேண்டாம். பார்ட்டிகிள் போர்டு அலமாரி ஊறிவிட்டால் தேறாது. தேக்குக் கதவு நிழலில் மெதுவாகக் காய்ந்தால் பிழைத்துக்கொள்ளும். பிளீச்சிங் போட்டுக் கழுவும்போது அதோடு டாய்லெட் ஆசிட்டைக் கலக்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும், மூச்சுத் திணறும்.

மார்கழிக் காற்றில் ஏற்கெனவே ஈரம் இருக்கும். அதனால் வெயில் அடிக்கும் நேரத்தில் ஜன்னல்களைத் திறந்து, ராத்திரி மூடி, கரண்ட் வந்ததும் ஃபேனைச் சுவரைப் பார்த்து ஓடவிடுவது நல்லது. பூச்சு உப்பிப் போயிருந்தால், ஈரம் ஏறிய இடத்துக்கு ஒரு அடி மேல் வரை கொத்தி எடுத்துவிட்டால் செங்கல் சீக்கிரம் மூச்சு விடும்.

யாரைக் கூப்பிடுவது?

நனைந்த வீட்டை மொத்தமாக மீட்டுத் தரும் கம்பெனி என்று சின்ன ஊர்களில் தேடினால் ஏமாற்றம்தான். எலக்ட்ரீஷியன், பிளம்பர், கொத்தனார், கடைசியில் பெயிண்டர் என்று ஆளாளாகத்தான் பிடிக்க வேண்டும். இந்த வரிசை முக்கியம். நடைமுறையில் முதலில் வந்து நிற்பவர் பெயிண்டர் அல்லது வாட்டர்ப்ரூஃபிங் ஆள். "உள்பக்கம் ரெண்டு கோட் கெமிக்கல் அடிச்சிட்டா சுவர் இறுகிடும் சார்" என்பார். ஈரச் சுவரில் அந்த கோட்டிங் ஒட்டாது என்பதை அவர் சொல்ல மாட்டார்.

வருபவரிடம் முதல் கேள்வி விலையாக இருக்கக் கூடாது. "ஈரம் எங்கிருந்து வருது?" என்று கேளுங்கள். வெள்ளத்தில் ஏறிய ஈரமா, உடைந்த பைப்பா, மாடிக் கசிவா? பார்க்காமலேயே சதுர அடிக் கணக்கு சொல்பவரைத் தாராளமாக அனுப்பிவிடலாம். ஈரமானி வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். எந்தப் பொருள், எத்தனை கோட், பழைய பூச்சை எதுவரை எடுப்பார் என்பதெல்லாம் எழுத்தில் வர வேண்டும். வாட்ஸ்அப் மெசேஜாவது இருக்கட்டும். "பத்து வருஷம் கேரண்டி" என்றால், தருவது பெயிண்ட் கம்பெனியா அவரா, வெள்ள ஈரத்துக்கு அது பொருந்துமா என்று கேளுங்கள். முழுத் தொகையையும் முன்பணமாகத் தராதீர்கள், பில் கண்டிப்பாக வாங்குங்கள். ஏமாந்தால் நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் புகார் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகார்க் கட்டணமே கிடையாது.

காசு எங்கிருந்து வரும்?

ஃபெஞ்சலுக்குப் பிறகு தமிழக அரசு அறிவித்த நிவாரணத்தில், விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் கடுமையாகப் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 2,000 ரூபாய், சேதமடைந்த குடிசைகளுக்கு 10,000 ரூபாய். வயரிங் செலவுக்கே அது பற்றாது.

பைக்குக்கு இன்ஷூரன்ஸ் போடும் நாம் வீட்டுக்குப் போடுவதில்லை. 2021 ஏப்ரல் முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் 'பாரத் கிருக ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசியைத் தருகின்றன. வெள்ளச் சேதம் அதில் அடக்கம். கட்டடத்துக்கு எடுத்தால், காப்பீட்டுத் தொகையில் 20 சதவீதம் வரை, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய்க்கு, வீட்டுப் பொருட்களும் தானாகச் சேரும். வாடகை வீட்டில் இருப்பவர் பொருட்களுக்கு மட்டும் எடுக்கலாம். கிளெய்ம் செய்யும்போது, சர்வேயர் வந்து பார்க்கும் முன் நனைந்த ஃபிரிட்ஜைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

சரி, பொங்கலுக்கு வீடு பளிச்சென்று இருக்க வேண்டாமா? அதற்குச் சுண்ணாம்பு இருக்கிறது. மேற்பரப்பு காய்ந்ததும் வெள்ளையடித்தால் சுவரின் ஈரம் அதன் வழியாக வெளியேறும், செலவும் குறைவு. டிசம்பரில் நனைந்த சுவரில் எமல்ஷன் அடிக்க, சித்திரை வெயிலில் இன்னொரு முறை பாலிதீன் தாளை ஒட்டிப் பார்த்துவிட்டு ஆளைக் கூப்பிடச் சொல்லுங்கள்.