கேட்டு வாங்க முடியாத சிரிப்பு

"கொஞ்சம் சிரிங்க" என்றதும் குடும்பத்தில் எல்லோருடைய உதடும் விரிகிறது. கண்கள் மட்டும் பழையபடியே இருக்கின்றன. அடுத்த நொடி, தாத்தா மடியில் இருக்கும் குழந்தை அவருடைய மூக்குக் கண்ணாடியைப் பிடித்து இழுக்கிறது. மொத்தக் குடும்பமும் சிரித்துவிடுகிறது. கன்னங்கள் மேலேறுகின்றன, கண்ணோரம் சுருக்கம் விழுகிறது. படம் எடுப்பவர் காத்திருந்தது இதற்காகத்தான். இந்த இரண்டு சிரிப்புகளும் உடலின் வேறுவேறு இடங்களிலிருந்து புறப்படுகின்றன.

இதை முதலில் ஆராய்ந்தவரும் கேமராவின் துணையோடுதான் ஆராய்ந்தார். பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் துஷேன், முகத் தசைகளில் மெல்லிய மின்சாரம் பாய்ச்சி, எந்தத் தசை முகத்தை எப்படி மாற்றுகிறது என்பதைப் புகைப்படங்களாகப் பதிவுசெய்து 1862இல் நூலாக வெளியிட்டார். உதட்டோரத்தை மேலே இழுக்கும் தசையை நாம் நினைத்தபோது இயக்கலாம். கண்ணைச் சுற்றி வளையமாக அமைந்த தசையோ உண்மையான மகிழ்ச்சிக்குத்தான் அசையும் என்றார் அவர். 1872இல் டார்வின் உணர்ச்சிகளைப் பற்றி எழுதிய நூலில் துஷேனின் படங்களையும் சேர்த்துக்கொண்டார். கண் தசையையும் வேண்டுமென்றே சுருக்கிக் காட்டக்கூடியவர்கள் உண்டு என்பது பிற்காலத்தில் தெரியவந்தது. ஆனாலும் துஷேன் கண்ட வேறுபாட்டுக்கு மூளையிலேயே சான்று இருக்கிறது.

பக்கவாதத்தால் மூளையின் மேற்பரப்பிலுள்ள இயக்கப் பகுதி பாதிக்கப்பட்ட ஒருவரிடம் "சிரியுங்கள்" என்றால், வாய் ஒரு பக்கமாகக் கோணும். அவரே பேத்தியின் குறும்பைப் பார்த்துச் சிரிக்கும்போது இரண்டு பக்கமும் ஒன்றுபோல மலர்வதுண்டு. மூளையின் ஆழமான பகுதிகள் பாதிக்கப்பட்ட சிலருக்கு இது தலைகீழாக நடக்கும்: சொன்னால் சிரிப்பார்கள், தானாகச் சிரிக்கும்போது ஒரு பக்கம் வராது. ஆணைக்கு வரும் சிரிப்புக்கு ஒரு பாதை, தானே வரும் சிரிப்புக்கு இன்னொரு பாதை. அதனால்தான் நல்ல புகைப்படக்காரர்கள் அதிகம் பேசுகிறார்கள், ஊர்க்கதை கேட்கிறார்கள், குழந்தைகளை ஓடவிடுகிறார்கள். இரண்டாவது பாதை திறக்கும்வரை பொறுத்திருக்கிறார்கள்.

தம்பதிகளைப் படமெடுப்பதில் வேறொரு வியப்பு இருக்கிறது. அறுபதாம் கல்யாணப் படத்தைப் பார்த்துவிட்டு, "சேர்ந்து வாழ்ந்து வாழ்ந்து முகமும் ஒன்றாகிவிட்டது" என்பார்கள். 1987இல் வெளியான ஓர் ஆய்வும் அப்படித்தான் சொன்னது. ஆனால் 2020இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 517 தம்பதிகளின் படங்களை ஒப்பிட்டபோது, காலப்போக்கில் முகச்சாயல் நெருங்கி வரவில்லை. இருந்த ஒற்றுமை தொடக்கத்திலேயே இருந்தது. ஆனால் முகபாவம் தொற்றிக்கொள்வது உண்மை. எதிரில் இருப்பவர் சிரித்தால், ஒரு நொடிக்குள் நம் முகத் தசையும் அசையத் தொடங்குகிறது. இருவரையும் கேமராவைப் பார்க்கச் சொல்லாமல், ஒருவரை ஒருவர் பார்க்கச் சொன்னால் இந்தத் தொற்று படத்திலேயே பதிவாகும்.

எங்கே நிற்கிறோம் என்பதும் முக்கியம். முகத்துக்கு 30 செ.மீ. தொலைவில் கேமரா இருந்தால், ஒன்றரை மீட்டரிலிருந்து எடுத்த படத்தைவிட மூக்கு ஏறத்தாழ 30 விழுக்காடு அகலமாகத் தெரியும். மூக்கு நுனி காதைவிடக் கேமராவுக்கு அருகில் இருப்பதே காரணம். இரண்டு எட்டுப் பின்னால் போனால் முகம் தன் அளவுக்குத் திரும்பிவிடும்.

கர்ப்பிணித் தாயைப் பக்கவாட்டில் நிற்கவைத்து எடுக்கும் படத்தில் எல்லோர் பார்வையும் வயிற்றின் மேல் விழுகிறது. முதுகையும் பாருங்கள். குழந்தை வளர வளர உடலின் எடைமையம் முன்னே நகர்கிறது; தாய் விழாமல் நிற்க, இடுப்புக்கு மேலுள்ள முதுகெலும்பு கூடுதலாக வளைந்து எடையைப் பின்னுக்கு இழுக்கிறது. அந்த வளைவு ஆண்களுக்கு இரண்டு முள்ளெலும்புகளில் அமைந்திருக்க, பெண்களுக்கு மூன்றில் பரவியிருக்கிறது என்று 2007இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு காட்டியது. சிம்பன்சிகளுக்கு இந்த வேறுபாடு இல்லை. சுமார் 20 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய, ஆஸ்ட்ரலோபித்தெகஸ் என்ற மனித முன்னோடி இனத்தின் எலும்புகளில் இருக்கிறது. இரண்டு காலில் நிமிர்ந்து நடந்துகொண்டே பிள்ளையைச் சுமந்த அத்தனை தலைமுறைத் தாய்மார்களும் விட்டுச்சென்ற வளைவு அது. ஏழாம் மாத வளைகாப்புக்குள் குழந்தையின் செவியும் வேலை செய்யத் தொடங்கியிருக்கும். வளையல் குலுங்கும் நேரத்தில் உள்ளே ஓர் அசைவு. தாய் சட்டென்று குனிந்து வயிற்றைத் தொடுகிறாள். எந்த போஸும் அதற்கு ஈடாகாது.

இப்படிப்பட்ட கணங்களைப் பிடிப்பது ஒரு காலத்தில் முடியாத காரியம். 19ஆம் நூற்றாண்டில் ஒரு படம் பதிவாகப் பல நொடிகள் அசையாமல் இருக்கவேண்டும். கைக்குழந்தைக்கு அது எப்படிப் புரியும்? அதனால் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஸ்டூடியோக்களில் தாய், தலை முதல் கால் வரை துணியைப் போர்த்திக்கொண்டு நாற்காலிபோல் அமர்ந்து, குழந்தையைப் பிடித்துக்கொள்வாள். படத்தில் குழந்தை மட்டும் தெரியும். அத்தகைய படங்கள் இன்றும் ஏராளமாக இருக்கின்றன. இப்போது நொடியில் 250இல் ஒரு பங்கு போதும், துணிக்குத் தேவையில்லை. ஆனாலும் பல வீடுகளின் ஆல்பங்களில் அம்மாவைத் தேடவேண்டியிருக்கிறது, ஏனென்றால் செல்பேசி அவள் கையில் இருக்கிறது.

கர்ப்பத்தின்போது குழந்தையின் செல்கள் சில தாயின் ரத்தத்தில் கலக்கின்றன. மகனைப் பெற்று 27 ஆண்டுகள் கழிந்த ஒரு பெண்ணின் ரத்தத்தில்கூட ஆண் செல்கள் இருப்பதை 1996இல் வெளியான ஆய்வு கண்டது. வளர்ந்த பிள்ளைகளில் கொஞ்சம் அவளுக்குள்ளேயே இருக்கக்கூடும். அவள் இல்லாத படத்தைக் குடும்பப் படம் என்பது எப்படிப் பொருந்தும்? அடுத்த முறை செல்பேசியை வேறு யாராவது வாங்கிக்கொள்ளுங்கள். அம்மாவை நடுவில் உட்காரவையுங்கள், இரண்டு எட்டுப் பின்னால் போங்கள், சிரிக்கச் சொல்லாதீர்கள். குழந்தையை அவள் மடியில் விட்டால் போதும்.