நஞ்சைக் கட்டிப்போடும் சுண்ணாம்பு

வீட்டிலுள்ள பற்பசைப் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். பலவற்றில் 'சோடியம் ஃபுளோரைடு' என்றிருக்கும். அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பும் தண்ணீரும் கிடைக்கும் என்று பள்ளியில் சொல்லித் தருவார்களே, அந்த வகை உப்புத்தான் இது. ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தோடு காஸ்டிக் சோடா சேர்ந்தால் இது உருவாகும். பற்பசையில் இருப்பது மிகச் சிறிய அளவு, அஞ்ச வேண்டியதில்லை.

அஞ்ச வேண்டியது அந்த அமிலத்துக்குத்தான். கண்ணாடியையே அரித்துவிடும் என்பதால் அதை பிளாஸ்டிக் கலன்களில் வைக்கிறார்கள். கணினிச் சில்லு ஆலைகளில் சிலிக்கான் தகட்டின் மேலுள்ள ஆக்சைடு படலத்தை நீக்க இது தேவை. சிங்கப்பூரிலும் கெடா மாநிலத்தின் கூலிமிலும் இத்தகைய ஆலைகள் உண்டு.

வேதியியல் கணக்கில் இது பலவீனமான அமிலம். வில்லங்கமே அங்குதான். இதன் மூலக்கூறுகள் எளிதில் பிரியாமல் தோலைக் கடந்து உள்ளே இறங்கிவிடுகின்றன. நீர்த்த அமிலம் பட்டால் உடனே வலி தெரியாது. சில மணி நேரம் கழித்தே தொடங்கலாம். அதற்குள் ஃபுளோரைடு உடலிலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். இரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இதயத் துடிப்பு தடுமாறும்; உயிரே போகலாம்.

ஆகவே அமிலத்தின் புளிப்பைப் போக்கினால் மட்டும் போதாது, ஃபுளோரைடையும் கட்டிப்போட வேண்டும். காஸ்டிக் சோடா தரும் சோடியம் ஃபுளோரைடு ஒரு லிட்டர் நீரில் சுமார் 40 கிராம் கரையும். நஞ்சு நீரிலேயே இருக்கும். வெற்றிலைக்குத் தடவுகிறோமே, அந்த நீற்றுச் சுண்ணாம்பு தரும் கால்சியம் ஃபுளோரைடோ லிட்டருக்கு ஏறக்குறைய 16 மில்லிகிராம்தான் கரையும். மீதி வெள்ளை வண்டலாக அடியில் படிந்துவிடும். ஆலைக் கழிவுநீரைச் சுத்தப்படுத்துவதும் பெரும்பாலும் இப்படித்தான்.

2012 செப்டம்பர் 27 அன்று தென்கொரியாவின் குமி நகரில் சுமார் 8 டன் ஹைட்ரஜன் ஃபுளோரைடு கசிந்து 5 பேர் மாண்டனர். ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற்றனர், பயிர்கள் கருகின. அங்கே முதலில் பீய்ச்சப்பட்டது தண்ணீர். சுண்ணாம்பு தாமதமாகத்தான் வந்தது.

அதற்காகத் தோலில் சுண்ணாம்பைத் தடவிவிடக் கூடாது, அதுவும் புண்ணாக்கும். அமிலம் பட்ட உடையைக் கழற்றி, உடனே ஓடும் நீரில் கழுவ வேண்டும். பிறகு கால்சியம் குளுக்கோனேட் களிம்பைத் தடவ வேண்டும். வலி இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பட்டது எந்த அமிலம் என்பதை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.