ஆரைக்கீரையின் பிரசவ அறை

சந்தையில் கட்டுக் கட்டாகக் கிடக்கும் ஆரைக்கீரையைப் பார்த்தால் பரம சாதுவாகத்தான் தெரியும். காம்பின் உச்சியில் நாலு இலை. வாய்க்காலில் தண்ணீர் நிறைந்தால் மிதக்கும், வற்றினால் நிமிர்ந்து நிற்கும், பொழுது சாய்ந்தால் இலையை மடித்துக்கொண்டு தூங்கும். ஆனால் இது பெரணி ஐயா, பெரணி! நம்ப முடியவில்லையா? தளிரைப் பாருங்கள், சுருண்டபடியேதான் வெளியே வரும். பூவும் கிடையாது, விதையும் கிடையாது.

அப்புறம் வம்சம் எப்படி வளர்கிறது? பூதக்கண்ணாடி இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

குளம் வற்றும் சமயத்தில் காம்பின் அடியில், சேற்றோடு சேறாக, உளுந்து அளவில் கருத்த மணிகள் தென்படும். தாவரவியலார் ஸ்போரோகார்ப் என்பார்கள். நான் பெட்டி என்கிறேன். தண்ணீர்கூடப் புகாத ஓடு. உலர்ந்த செடிகளைச் சேர்த்து வைக்கும் ஹெர்பேரியத்தில் ஏறத்தாழ நூறு ஆண்டு காய்ந்து கிடந்த மார்சிலியா (ஆரைக்கீரை இனத்தின் தாவரவியல் பெயர்) பெட்டிகளும் உயிர்த்தெழுந்திருக்கின்றன!

முற்றிய பெட்டி ஒன்றை பிளேடால் ஓரத்தில் லேசாகக் கீறி, கிண்ணத்துத் தண்ணீரில் போடுங்கள். சற்று நேரம் ஒன்றும் நடக்காது. காபி போட எழுந்துவிடாதீர்கள்! பெட்டி வாய் பிளக்கும். உள்ளேயிருந்து நுங்கு போல வழவழவென்று ஒரு புழு தலைநீட்டும். நீட்டும், நீட்டும், நீட்டிக்கொண்டே போகும். பெட்டியைவிடப் பல மடங்கு நீளம்! இத்தனையும் எங்கே ஒளிந்திருந்தது? காய்ந்து சுருங்கிக் கிடந்த கூழ் தண்ணீரைக் குடித்து உப்புகிறது, அவ்வளவுதான் சூட்சுமம். அந்தக் கூழில் இரண்டு வரிசையாகப் பைகள் தொங்கும். பைக்குள் ஸ்போர் என்னும் வித்துத்துகள்கள்: பெரிய ஸ்போர் பெண், சின்ன ஸ்போர் ஆண்.

இனி நுண்ணோக்கி வேண்டும். ஒரு சின்ன ஸ்போருக்குள் 32 விந்தணுக்கள். அமெரிக்க உறவுக்காரியான மார்சிலியா வெஸ்டிட்டாவில், நனைந்த சுமார் 11 மணி நேரத்தில் அவை தயார். ஒவ்வொன்றும் சுருள்வில் வடிவம், உடலில் நூற்றுக்கு மேல் நுண்ணிழைகள். கிறுகிறுவென்று திருகிக்கொண்டு பாய்வதைப் பார்த்தால் நமக்கே தலை சுற்றும்! பெரிய ஸ்போரைச் சூழ்ந்த கூழுக்குள் கூட்டமாக முண்டியடித்து நுழையும். உள்ளே காத்திருப்பதோ ஒரே ஒரு முட்டை.

இத்தனை அவசரம் எதற்கு? பள்ளத்தில் தேங்கிய மழைத்தண்ணீர் எத்தனை நாள் நிற்கும் என்று யாருக்குத் தெரியும்!

கிண்ணத்தை உடனே கழுவிவிடாதீர்கள். குட்டிச் செடி விடும் முதல் இலை வெறும் ஊசி. பிறகு இரண்டாகப் பிரிந்த இலை வரும். நாலிலை பார்க்கப் பொறுமை வேண்டும், அடியில் கொஞ்சம் வண்டல் மண்ணும் வேண்டும்.