இலஞ்சியில் ராத்திரி வேன் ஏறினால் விடியும்போது காவிரிக்கரை: நண்பர்களோடு திருவையாறு ஆராதனைக்கு போய் வருவது எப்படி?

தென்காசி:

சாரல் சீசன் வந்துவிட்டால் ஊர் உலகமே இலஞ்சி வழியாக குற்றாலத்துக்கு படையெடுக்கும். அருவி ஓய்ந்து கூட்டமும் குறைந்த ஜனவரி மாதத்தில் இலஞ்சிக்காரர்கள் எங்கே போவது? பாட்டு கேட்பதில் பிரியம் உள்ளவர்களுக்கு ஒரே பதில்தான். திருவையாறு.

தஞ்சாவூர் அருகே காவிரிக்கரையில் ஆண்டுதோறும் நடக்கும் தியாகராஜர் ஆராதனை விழாவுக்கு நாடு முழுவதும் இருந்து ரசிகர்கள் திரண்டு வருகிறார்கள். இலஞ்சி, மேலகரம், தென்காசி, செங்கோட்டை பக்கம் இருந்து நண்பர்களாக சேர்ந்து வேன் பிடித்து போக நினைப்பவர்கள் என்னென்ன தெரிந்துகொள்ள வேண்டும்? இதோ விவரம்.

தேதி ஏன் மாறுகிறது?

கர்நாடக இசையின் மும்மூர்த்திகளில் ஒருவர் தியாகராஜர். 1767-ல் திருவாரூரில் பிறந்து, திருவையாறில் வாழ்ந்து, 1847 ஜனவரி 6-ந்தேதி மறைந்தார். ஆனால் விழா ஜனவரி 6-ல் நடப்பதில்லை. அவர் மறைந்த திதி எதுவோ அதைத்தான் கணக்கில் எடுக்கிறார்கள். புஷ்ய மாத தேய்பிறை பஞ்சமி, அதாவது மார்கழி கடைசியிலோ தை மாதத்திலோ வரும் பவுர்ணமிக்கு பிறகு வரும் பஞ்சமி.

அதனால் ஒவ்வொரு வருஷமும் தேதி நகரும். 2024-ல் ஜனவரி 30, 2025-ல் ஜனவரி 18, 2026-ல் ஜனவரி 7 என்று சுமார் 11 நாள் முன்னால் வந்துகொண்டே இருந்தது. அப்படியே முன்னால் போய்க்கொண்டே இருக்காது. சில வருஷத்துக்கு ஒருமுறை மறுபடியும் ஜனவரி கடைசிக்கு தள்ளிப்போகும். எனவே, "போன வருஷம் பொங்கலை ஒட்டித்தானே வந்துச்சு" என்று கணக்கு போட்டு லீவு எழுதிக் கொடுக்காதீர்கள். காலண்டரை பார்த்துவிட்டு வண்டியை பேசுங்கள்.

விழா மொத்தம் 5 நாள். கடைசி நாளான பஞ்சமி அன்று காலையில்தான் பஞ்சரத்ன கீர்த்தனை. ஒரே ஒரு நாள் போக முடியும் என்றால் அந்த நாளைத்தான் பிடிக்க வேண்டும்.

வழி எப்படி?

இலஞ்சியில் இருந்து சுமார் 360 கிலோ மீட்டர். தென்காசி, கடையநல்லூர், புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரி, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக திருமங்கலம் போய் நாற்கர சாலையை பிடிக்க வேண்டும். அங்கிருந்து மதுரை, மேலூர், துவரங்குறிச்சி, விராலிமலை, திருச்சி. பிறகு துவாக்குடி, செங்கிப்பட்டி, வல்லம் வழியாக தஞ்சாவூர். தஞ்சாவூரில் இருந்து திருவையாறு 13 கிலோ மீட்டர்.

ராத்திரி 9 மணிக்கு கிளம்பினால், டீ குடிக்க நிறுத்துவது எல்லாம் சேர்த்து, விடிய 5 மணி சுமாருக்கு சேரலாம். கப்பலூர் தொடங்கி வழியில் டோல்கேட் பல உண்டு. பாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே பார்த்துக்கொள்வது நல்லது.

தஞ்சாவூர் தாண்டியதும் தூங்குகிறவர்களை எழுப்பி விடுங்கள். அந்த 13 கிலோ மீட்டருக்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று வரிசையாக 5 ஆறுகளை தாண்ட வேண்டும். ஊருக்கு ஐயாறு என்று பேர் வந்ததற்கு இந்த 5 ஆறுகளைத்தான் காரணமாக சொல்கிறார்கள்.

வேன் வேண்டாம் என்பவர்களுக்கு ரெயிலும் இருக்கிறது. செங்கோட்டை-மயிலாடுதுறை எக்ஸ்பிரஸ் 2023 அக்டோபர் மாதம் முதல் தென்காசி, ராஜபாளையம், மதுரை, திருச்சி, தஞ்சாவூர் வழியாக ஓடுகிறது. இது பகல் ரெயில் என்பதால் முந்தின நாளே போய் தஞ்சாவூரில் தங்க வேண்டியிருக்கும்.

டிரைவருக்கு தூக்கம் முக்கியம்

நண்பர்கள் பயணத்தில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. ராத்திரி முழுக்க ஓட்டிய டிரைவர், காலையில் எல்லோரும் பாட்டு கேட்கும்போது வண்டியிலேயே அரைகுறையாக கண்ணயர்வார். மதியம் சாப்பாடு முடிந்ததும், "அண்ணாச்சி, கிளம்பலாமா" என்று அதே டிரைவரை எழுப்பி ஸ்டியரிங்கில் உட்கார வைப்பார்கள். மறுபடியும் 360 கிலோ மீட்டர்.

விடியற்காலை 2 மணி முதல் 5 மணி வரை எப்பேர்ப்பட்ட டிரைவருக்கும் கண்ணை இழுக்கும் நேரம். இந்த பயணத்தில் மதுரை-திருச்சி நாற்கர சாலை அந்த நேரத்தில்தான் வரும். நேராக போகும் சாலை, வேகமும் கூடும், கண்ணும் சொக்கும். எனவே 2 டிரைவர் வைத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் தஞ்சாவூரில் ரூம் எடுத்து ஒரு ராத்திரி தங்கிவிட்டு மறுநாள் பகலில் திரும்புங்கள். 12 பேர் பங்கு போட்டால் ரூம் வாடகை பெரிய தொகை இல்லை.

தெரிந்தவர் வண்டி, வாடகை கம்மி என்று வெள்ளை போர்டு வேனை எடுப்பதும் ஆபத்து. சொந்த உபயோக வண்டியை வாடகைக்கு ஓட்டி விபத்து நடந்துவிட்டால், உள்ளே இருந்தவர்களுக்கு இன்சூரன்ஸ் கிடைப்பதில் சிக்கல் வரும். மஞ்சள் போர்டு வண்டிதான் சரி.

காலையில் என்ன நடக்கும்?

புஷ்ய மண்டப படித்துறையில் குளிக்கலாம். மேட்டூர் அணையில் இருந்து வழக்கமாக ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை பாசனத்துக்கு தண்ணீர் திறப்பார்கள். அதனால் விழா ஜனவரி கடைசியில் வரும் வருஷங்களில் ஆற்றில் தண்ணீர் குறைவாக இருக்கலாம். குற்றாலத்தில் குளித்து பழகியவர்கள், ஆறு அமைதியாகத்தானே இருக்கிறது என்று நடு ஆற்றுக்கு போய்விட கூடாது. படித்துறையோடு நின்றுகொள்வதே பாதுகாப்பு.

காலையில் திருமஞ்சன வீதியில் தியாகராஜர் வாழ்ந்த வீட்டில் இருந்து உஞ்சவிருத்தி ஊர்வலம் புறப்படும். உஞ்சவிருத்தி என்றால் வீதி வீதியாக பாடிக்கொண்டே போய், ஜனங்கள் கொடுக்கும் அரிசியை வாங்கி வந்து பிழைப்பது. தியாகராஜர் அப்படித்தான் வாழ்ந்தார். தஞ்சாவூர் அரண்மனை கூப்பிட்டும் போகவில்லை என்று வழிவழியாக சொல்வார்கள்.

ஊர்வலம் சமாதிக்கு வந்து சேர்ந்ததும் நாதஸ்வரம். பிறகு 9 மணி சுமாருக்கு பஞ்சரத்னம் தொடங்கும். சமாதிக்கு முன்னால் வித்வான்கள் ஆணும் பெண்ணுமாக வரிசை வரிசையாக தரையில் உட்கார்ந்திருப்பார்கள். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று 5 ராகங்களில் 5 கீர்த்தனைகளை அத்தனை பேரும் ஒரே குரலாக பாடுவார்கள். சுமார் 1 மணி நேரம். டி.வி.யில் பெரிய வித்வானாக பார்த்தவரும், நேற்று பாட்டு கிளாசில் சேர்ந்த பிள்ளையும் ஒரே பாட்டை பாடும் காட்சியை வேறு எங்கும் சுலபத்தில் பார்க்க முடியாது.

டிக்கெட் கிடையாது. பாட வரும் வித்வான்களும் சம்பளத்துக்காக வருவதில்லை, அஞ்சலியாகத்தான் பாடுகிறார்கள். மற்ற நேரங்களில் ஆளுக்கு கொஞ்ச நேரம் என்று கச்சேரி மாறி மாறி நடக்கும். கடைசி நாள் இரவு ஆஞ்சநேயர் உற்சவத்தோடு விழா முடியும்.

"நமக்கு ராகம் தாளம் ஒண்ணும் தெரியாதே, பாட்டும் தெலுங்குல இருக்கே" என்று தயங்குகிறவர்கள் உண்டு. கொடை விழாவில் விடிய விடிய வில்லுப்பாட்டும் நையாண்டி மேளமும் கேட்டு வளர்ந்தவர்கள் நெல்லை சீமைக்காரர்கள். மேளச்சத்தத்துக்கு தலையாட்ட யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. இதுவும் அப்படித்தான். பின்வரிசையில் உட்கார்ந்து கூடவே முணுமுணுத்தாலும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். நம்ம ஊருக்கு திருநெல்வேலி அல்வா போல திருவையாறுக்கு அசோகா. பாசிப்பருப்பில் செய்யும் இனிப்பு. சூடாக சாப்பிட்டால்தான் ருசி.

பெண்களுக்கு இடம் கிடைத்தது எப்படி?

இப்போது நண்பர்கள் வேன் என்றால் அதில் வீட்டுக்காரம்மா, தங்கச்சி, மகள் எல்லோரும் இருப்பார்கள். சமாதிக்கு முன்னால் பெண்கள் உட்கார்ந்து பாடுவது சாதாரண விஷயம். ஆனால் 100 வருஷத்துக்கு முன்னால் இது நடக்காது.

தியாகராஜர் மறைந்த பிறகு சமாதி பல காலம் கவனிப்பார் இல்லாமல் கிடந்தது. 1900-களின் தொடக்கத்தில் சிஷ்ய பரம்பரையினர் அதை சீரமைத்து ஆராதனை நடத்த ஆரம்பித்தனர். சீக்கிரமே சண்டை வந்து பெரிய கட்சி, சின்ன கட்சி என்று இரண்டாக பிரிந்து தனித்தனியாக விழா எடுத்தனர். இரண்டு கட்சிக்கும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமை. பெண்கள் சமாதி முன்பு பாட அனுமதி இல்லை.

அந்த சமயத்தில் வந்தவர்தான் பெங்களூர் நாகரத்தினம்மாள். மைசூர் சீமையில் நஞ்சன்கூட்டில் 1878-ல் தேவதாசி குலத்தில் பிறந்து, சென்னையில் பெரிய பாடகியாக புகழ் பெற்றவர். சமாதி பாழடைந்து கிடப்பதாக 1921-ல் கடிதம் வந்ததும் புறப்பட்டு வந்தார். நிலத்துக்கு ஏற்பாடு செய்து, நகை, சொத்துகளை விற்று அந்த பணத்தில் கோவில் எழுப்பினார். 1926-ல் குடமுழுக்கு நடந்தது. கட்டிடம் அவர் பணத்தில். ஆனால் ஆராதனை அன்று அங்கே உட்கார்ந்து பாட அவருக்கே அனுமதி இல்லை.

அவர் சண்டை போட்டுவிட்டு ஊருக்கு திரும்பிவிடவில்லை. பெண்களை திரட்டி சமாதியின் பின்புறம் தனியாக ஆராதனை நடத்தினார். அதற்கு பெண்கள் கட்சி என்று பேர் வந்தது. இப்படி மூன்று கட்சியாக நடந்த விழா 1940-41-ல்தான் ஒன்றாக சேர்ந்தது. பெண்கள் பாடவும் வழி பிறந்தது. இன்று எல்லோரும் சேர்ந்து பஞ்சரத்னம் பாடும் வழக்கமும் அந்த ஒற்றுமையை ஒட்டி வந்ததுதான். ஆண், பெண் குரல், வித்வான், மாணவர் என்ற பேதம் இல்லாமல் கேட்கும் அந்த 1 மணி நேர பாட்டுக்கு பின்னால் இவ்வளவு கதை இருக்கிறது.

நாகரத்தினம்மாள் கடைசி காலத்தில் திருவையாறிலேயே தங்கி, தன் சொத்தையும் இந்த சமாதிக்கே எழுதி வைத்தார். பெண்கள் பாட தடை இருக்க கூடாது என்பதையும் அந்த உயிலில் சேர்த்து எழுதினார். 1952-ல் காலமானார். அவருடைய சமாதி தியாகராஜர் சமாதியை பார்த்தபடி அருகிலேயே இருக்கிறது.

போக முடியாதவர்களுக்கு

ஜனவரியில் லீவு கிடைக்காதவர்கள் வருத்தப்பட வேண்டாம். மும்மூர்த்திகளில் இன்னொருவரான முத்துசுவாமி தீட்சிதரின் சமாதி நம்ம பக்கத்திலேயே எட்டயபுரத்தில் இருக்கிறது. அவர் 1835-ல் தீபாவளி நாளில் அங்கே காலமானார். தென்காசியில் இருந்து சங்கரன்கோவில், கோவில்பட்டி வழியாக சுமார் 100 கிலோ மீட்டர்தான். பாரதியார் பிறந்த ஊர் என்று எட்டயபுரம் போகிறவர்களில் பலர் இதை பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

திருவையாறு போகிறவர்களுக்கு கடைசியாக ஒன்று. பஞ்சரத்னம் முடிந்ததும் கூட்டம் மொத்தமும் சாப்பாட்டுக்கும் வண்டிக்கும் ஓடும். டிரைவர் இன்னும் கொஞ்ச நேரம் தூங்கட்டும். அதற்குள் நாகரத்தினம்மாள் சமாதியில் போய் ஒரு நிமிஷம் நின்று கும்பிட்டுவிட்டு வாருங்கள். முக்கியமாக, வேனில் வந்த பெண்பிள்ளைகளை கூட்டிக்கொண்டு போய், இவர் யார் என்று சொல்லிக் கொடுங்கள்.