மாத்திரைக்கு முன்னால் இருவருக்கும் பரிசோதனை

கல்யாணமாகி ஒரு வருஷம் தாண்டிவிட்டால், ஊரிலிருந்து வரும் ஒவ்வொரு போனிலும் “ஏதாவது விசேஷம் உண்டா?” என்ற கேள்வி வந்துவிடும். சுங்குவார்சத்திரத்திலோ ஒரகடத்திலோ வாடகைக்குக் குடியிருந்து, கணவன் மனைவி இருவருமே கம்பெனி பஸ் ஏறுகிற வீட்டில், டாக்டரைப் பார்க்க லீவு கிடைப்பதே பெரும்பாடு. லைனில் பக்கத்தில் நிற்கும் அக்காவுக்குப் பலன் தந்த மாத்திரையின் பெயரைச் சொல்லி மெடிக்கல் ஷாப்பில் வாங்கிவிட்டால் என்ன என்று தோன்றும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

பெரும்பாலும் எழுதித் தரப்படுபவை இரண்டு: குளோமிஃபீன், லெட்ரோசோல். இரண்டையுமே டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. கருமுட்டை சரியாக முதிர்ந்து வெளிவராத பெண்களுக்கு, குறிப்பாக நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு, இவை நன்றாக உதவும். கருக்குழாய் அடைத்திருந்தால் உதவாது. கணவருக்கு விந்தணு மிகக் குறைவாக இருந்தால், மனைவி எத்தனை மாதம் விழுங்கினாலும் பலன் கிடைப்பது அரிது. ஆகவே மாத்திரைக்கு முன்னால் கணவருக்கு விந்துப் பரிசோதனை நடக்க வேண்டும். ஊசிகூட இல்லாத எளிய பரிசோதனை அது. உலைச் சூட்டிலோ ஈயம் புழங்கும் இடத்திலோ வேலை பார்ப்பவர் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். இரண்டுமே விந்தணுவைப் பாதிக்கக் கூடியவை. “எனக்கு ஒன்றுமில்லை” என்று அவர் ஒதுங்கிக்கொள்ள, அவள் மட்டும் மாதாமாதம் மாத்திரை விழுங்குவது அநியாயம்.

லெட்ரோசோல் டப்பாவுக்குள் இருக்கும் தாளைப் படித்துவிட்டு, மார்பகப் புற்றுநோய் மருந்தாயிற்றே என்று பதற வேண்டாம். முதலில் அந்த நோய்க்காக வந்த மருந்துதான். கருத்தரிப்புக்கு அதைத் தருவதை மத்திய அரசு 2011இல் தடை செய்து, 2017இல் தடையை நீக்கியது. இடையே 2014இல் அமெரிக்காவில் நீர்க்கட்டி உள்ள 750 பெண்களிடம் நடந்த ஆய்வு வெளியானது. லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 சதவீதம் பேருக்கும், குளோமிஃபீன் எடுத்தவர்களில் 19.1 சதவீதம் பேருக்கும் குழந்தை பிறந்தது.

மாதவிலக்கின் 2 முதல் 5ஆம் நாளுக்குள் தொடங்கி, வழக்கமாக 5 நாள் மாத்திரை. கடைசி மாத்திரைக்குப் பிறகு ஏறக்குறைய 5 முதல் 10 நாளில் முட்டை வெடிக்கும். அந்த வாரம் மனைவிக்கு முதல் ஷிஃப்ட், கணவருக்கு நைட் ஷிஃப்ட் என்றால் இருவரும் வாசலில் பார்த்துக்கொள்வதோடு சரி. அந்த மாதம் வீணாகிவிடும். ஷிஃப்ட் அட்டவணையை டாக்டரிடம் காட்டுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் சேர்ந்திருந்தாலே போதும்.

ஒவ்வொரு முறையும் தொடங்குமுன் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். முட்டை எப்படி வளர்கிறது என்று பார்க்கும் ஃபாலிக்குலர் ஸ்கேனை, முதல் மாதத்திலாவது தவறவிடாதீர்கள். குளோமிஃபீனால் உண்டாகும் நூறு கர்ப்பங்களில் சுமார் 7 இரட்டைக் குழந்தைகள். கண் மங்கினால், வெளிச்சப் பொறி தெரிந்தால் மெஷின் பக்கமே போகாமல், மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். வயிறு உப்பிக் கடுமையாக வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பொதுவாக 6 சுழற்சிக்கு மேல் குளோமிஃபீனைத் தொடர்வதில்லை.

“குழந்தை பாக்கியம் உறுதி” என்று மருந்தை விளம்பரப்படுத்துவது 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பெண்ணின் மலட்டுத்தன்மை அந்தச் சட்டத்தின் தடைப் பட்டியலிலேயே இருக்கிறது.

கருத்தரிப்புச் சிகிச்சைக்கென்று தனி விடுப்புத் தரும் சட்டம் நம்மிடம் இல்லை. பெரிய குறை இது. ஸ்ரீபெரும்புதூர் அருகே ஃபாக்ஸ்கான் ஆலையில் திருமணமான பெண்களைத் தவிர்க்கிறார்கள் என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் எழுதியது. நிறுவனம் மறுத்தது, மத்திய தொழிலாளர் அமைச்சகம் அறிக்கை கேட்டது. இப்படிப்பட்ட பேச்சு நடமாடும் இடத்தில் எந்தப் பெண் தைரியமாக லீவு கேட்பாள்?

ஆனாலும் கையில் இருப்பதை விட்டுவிடாதீர்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால், கான்ட்ராக்ட் தொழிலாளியாக இருந்தாலும் இஎஸ்ஐ உண்டு. முதலில் அந்த டிஸ்பென்சரிக்குப் போங்கள். கர்ப்பமான பிறகு, போதிய நாள் சந்தா கட்டியிருந்தால், 26 வாரச் சம்பளத்துடன் விடுப்பு. அந்த விடுப்பில் வேலையை விட்டு நீக்குவது சட்டவிரோதம்.

சீட்டு, பில், மாத்திரை அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் டாக்டர் தர வேண்டும். கவனக்குறைவால் பாதிப்பு என்றால் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். வழி கேட்க 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இஎஸ்ஐ ஆஸ்பத்திரி இலவசம்தானே, வழக்குப் போட முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சந்தா கட்டும் தொழிலாளி நுகர்வோரே என்று கிஷோர் லால் வழக்கில் 2007இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.