கிண்ணத்தை விலக்கிய சகோதரர்



காட்டுப்பள்ளிப் பகுதி மீனவச் சகோதரர் ஒருவர் பல ஆண்டுக் குடிப்பழக்கத்தை விட்டு மீண்டவர். திருவிழாத் திருப்பலி ஒன்றில் அப்பமும் இரசமும் ஆகிய இரு வடிவிலும் நற்கருணை வழங்கினோம். இரசக் கிண்ணம் அருகே வந்ததும் அவர் விலகிப் போய்விட்டார். பிறகு நம்மிடம் வந்து, "சாமி, அதுலயும் போதை இருக்குதே? ஒரு வாய் பட்டாலும் பழசு திரும்பிடுமோன்னு பயமா இருக்கு" என்றார். அவர் பயம் விசுவாசக் குறைவா? சற்றே சிந்திப்போம்.

திருச்சபைச் சட்டம் (எண் 924), திருப்பலிக்கான இரசம் திராட்சைக் கனியிலிருந்து பெறப்பட்ட இயல்பான, கெட்டுப்போகாத இரசமாக இருக்க வேண்டும் என்கிறது. சாயமும் சர்க்கரையும் கலந்த பானமோ, வேறு பழத்தின் இரசமோ ஆகாது.

இயல்பான இரசம் எப்படி உருவாகிறது? தொன் போஸ்கோ பிறந்த வட இத்தாலியின் பியெட்மான்ட் பகுதியைப் பார்ப்போம். அங்கே 'பரோலோ' என்ற சிவப்புத் திராட்சை இரசம் 'நெபியோலோ' என்னும் ஒரே வகைத் திராட்சையில் செய்யப்படுகிறது. நசுக்கிய பழத்தின் இனிப்பை நுண்ணுயிர்கள் புளிக்க வைத்துப் போதைச் சத்தாக மாற்றுகின்றன. சிவப்பு நிறம் தோலிலிருந்து வருகிறது. மரபு வழுவாத குடும்பங்கள் தோலோடு பல நாள் ஊறவிட்டு, பிறகு பெரிய ஓக் மரப் பீப்பாய்களில் அடைத்துக் காத்திருக்கின்றன. குறைந்தது 38 மாதங்கள், அதில் 18 மாதங்கள் மரப்பீப்பாயில் இருக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி.

நம் மாநிலத்திலும் திராட்சைக்குப் பெயர்பெற்ற இடம் உண்டு. தேனி மாவட்டக் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. அதை 1832இல் பிரெஞ்சு அருள்பணியாளர் ஒருவர் கொண்டுவந்தார் என்று சொல்லப்படுகிறது.

இத்தனை பொறுமையோடு செய்தாலும் பரோலோவில் 13 விழுக்காட்டுக்குக் குறையாமல் போதைச் சத்து உண்டு. பீடத்தில் வைக்கும் இரசத்திலும் அது உண்டு. வசீகரிப்பில் இரசத்தின் உட்பொருள் கிறிஸ்துவின் இரத்தமாக மாறுகிறது. நிறம், சுவை, உடலில் செயல்படும் தன்மை ஆகியவை அப்படியே நிற்கின்றன. புனித தோமா அக்குவினாவும் இதையே கற்பித்தார். ஆகவே, "அது ஆண்டவரின் இரத்தம், ஒன்றும் செய்யாது" என்று அந்தச் சகோதரரிடம் சொல்லியிருந்தால், நாம் அவருக்குத் தவறு செய்திருப்போம்.

திருச்சபை இதை அறிந்தே இருக்கிறது. அப்ப வடிவில் மட்டும் உட்கொள்பவரும் கிறிஸ்துவை முழுமையாகப் பெறுகிறார் என்று திரிதெந்து பொதுச்சங்கம் 1562இல் உறுதியாகக் கற்பித்தது. குடிநோயிலிருந்து மீளும் குருக்களைப் பற்றியும் அக்கறை உண்டு. புளிப்பு தொடங்கும்போதே நிறுத்திய, இயல்பு மாறாத திராட்சைச் சாறான 'முஸ்தும்' பயன்படுத்த ஆயர் அனுமதி தரலாம் என்று விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2003இல், கர்தினால் இராட்சிங்கர் தலைவராக இருந்தபோது தெளிவுபடுத்தியது. குருவுக்கே இந்தப் பலவீனம் வரலாம் என்று ஏற்றுக்கொண்ட திருச்சபை, ஒரு மீனவரின் பயத்தைக் குறைகூறுமா?

அவரிடம் இதைச் சொன்னோம். அடுத்த ஞாயிறு வரிசையில் வந்து அப்பத்தை மட்டும் பெற்றுக்கொண்டு, தலைநிமிர்ந்து தம் இடத்துக்குத் திரும்பினார்.

நம் ஊர்த் திருமண வீடுகளிலும், வலை நிறைந்து வரும் நாளின் மகிழ்ச்சியிலும், குடியை விட்டவரிடம் "இன்னிக்கு ஒருநாள் தானே, ஒரு வாய்" என்று நீட்டும் கைகள் பல. பீடத்தின் கிண்ணத்தையே விலக்கிக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு என்றால், நம் கையிலுள்ள குவளையை விலக்க அவருக்கு உரிமை இல்லையா? அடுத்த முறை அவரை வற்புறுத்தாமல், ஒரு குவளை மோர் கொண்டுவந்து கொடுப்போம்.